வி.ஆர்.ஆர். கோளாறா? முதலில் மானிட்டரின் ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள்

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க், அடாப்டிவ்-சிங்க், எச்.டி.எம்.ஐ. வி.ஆர்.ஆர். எனப் பெயர்தான் நாலு, வேலை ஒன்றே. பொதுப் பெயர் வி.ஆர்.ஆர்., அதாவது வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட். கிராபிக்ஸ் கார்டு ஒரு ஃபிரேமை வரைந்து முடித்த கையோடு மானிட்டர் அதைக் காட்ட வேண்டும். அதற்காகத் தன் ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற ஹெர்ட்ஸ் எண்ணை, ஃபிரேமுக்கு ஃபிரேம் ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும். சரியாக ஓடும்போது இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கெட்டால் நாலு விதமாகக் கெடும்: படம் குறுக்கே கிழியும், நகர்வு திக்கும், வெளிச்சம் துடிக்கும், அல்லது திரை ஓரிரு நொடி கறுத்துப்போய் மீளும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் பெரும்பாலோர் நாலுக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்: டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவது. ஒரு மாலைப்பொழுது போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது மானிட்டரின் சொந்த மெனுவில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் வரும் ஓ.எஸ்.டி.யில், திரை மூலையில் ஓர் எண்ணை நிறுத்திவைக்கும் வசதி பல கேமிங் மானிட்டர்களில் உண்டு. 'ரிஃப்ரெஷ் ரேட்', 'எஃப்.பி.எஸ். கவுண்டர்' என்று கம்பெனிக்கு ஒரு பெயர். விளையாட்டின் எஃப்.பி.எஸ். கவுண்டர், கார்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம் வரைந்தது என்று சொல்லும். பேனல் எத்தனை முறை புதுப்பித்தது என்பதை மானிட்டரின் எண்தான் சொல்லும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'ஜி-சிங்க் காம்பேட்டிபிள் இண்டிகேட்டர்' என்று ஒன்று இருக்கிறது. அது டிரைவர் ஜி-சிங்க்கை ஆன் செய்திருப்பதை மட்டும்தான் காட்டும், பேனல் கூடவே ஓடுகிறதா என்று காட்டாது. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

எண் அசையவே இல்லையென்றால்

விளையாட்டு 90 எஃப்.பி.எஸ்.ஸில் ஓடுகிறது, மானிட்டர் 144-இலேயே நிற்கிறது. அப்படியானால் வி.ஆர்.ஆர். தொடங்கவே இல்லை. மானிட்டரிலிருந்து கார்டு பக்கமாகத் தேடிக்கொண்டு போங்கள்.

ஓ.எஸ்.டி.யில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ்-சிங்க் ஆன் ஆகியிருக்கிறதா? பல மானிட்டர்கள் அதை ஆஃப் செய்துதான் பெட்டியிலிருந்து வருகின்றன. அந்த வரி மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் பக்கத்தில் 'மோஷன் ப்ளர் ரிடக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கும். பேக்லைட்டை ஒரே சீராக அணைத்து ஏற்றும் வசதி அது. ரிஃப்ரெஷ் நிலையாக இருந்தால்தான் அதற்கு வேலை ஓடும் என்பதால், பெரும்பாலான மாடல்களில் இரண்டில் ஒன்றுதான் இயங்கும். டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வரி ஒன்றும் சில மானிட்டர்களில் இருக்கும். அது 1.1-இல் கிடந்தால் அடாப்டிவ்-சிங்க் கிடைக்காது, 1.2 அல்லது அதற்கு மேல் வையுங்கள். அடாப்டிவ்-சிங்க் டிஸ்ப்ளேபோர்ட் தரத்துக்குள் வந்ததே 2014-இல், 1.2ஏ பதிப்பில்தான்.

அடுத்து விண்டோஸ். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட் என்னவென்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய நாள் முதல் 60-இலேயே ஓடிக்கொண்டிருப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம்.

என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் 'செட் அப் ஜி-சிங்க்' பக்கம். மேலே 'எனேபிள்' டிக் போட்டால் மட்டும் போதாது. என்விடியா சரிபார்க்காத மானிட்டராக இருந்தால், கீழே 'எனேபிள் செட்டிங்ஸ் ஃபார் தி செலக்டட் டிஸ்ப்ளே மாடல்' என்ற இரண்டாவது டிக்கையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டவர்கள் ஏராளம். ஜி-சிங்க் சிப் இல்லாத மானிட்டர்களுக்கு இந்தக் கதவு திறந்தது 2019 ஜனவரியில், 417.71 டிரைவரோடு. ஜி.டி.எக்ஸ். 10 வரிசையும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே இதில் சேர்த்தி. 900 வரிசைக் கார்டில் எவ்வளவு தேடினாலும் அந்த டிக் வராது. ஏ.எம்.டி. என்றால் அட்ரினலின் மென்பொருளில் டிஸ்ப்ளே பக்கத்தில் ஒரே ஒரு சுவிட்ச்.

இத்தனையும் சரியாக இருந்தும் எண் அசையவில்லையா? கேபினட்டின் பின்புறம் குனிந்து பாருங்கள். கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? சிரிக்க வேண்டாம், இது நடக்கிறது.

எச்.டி.எம்.ஐ. என்னும் கண்ணி

எண் அசையாததற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான் என்பதால் தனியாகச் சொல்கிறேன். 'ஃப்ரீசிங்க்' என்று பெட்டியில் அச்சடித்த மானிட்டர், அதில் எச்.டி.எம்.ஐ. 1.4 அல்லது 2.0 போர்ட், மறுமுனையில் என்விடியா கார்டு. இந்தச் சேர்க்கையில் வி.ஆர்.ஆர். வராது. எச்.டி.எம்.ஐ. தரத்தில் வி.ஆர்.ஆர். சேர்ந்ததே 2.1 பதிப்பில்தான். அதற்கு முன்பு எச்.டி.எம்.ஐ. வழியே ஃப்ரீசிங்க் ஓடியது ஏ.எம்.டி. தானே சேர்த்துக்கொண்ட ஓர் ஒட்டு. அந்த மொழி ஏ.எம்.டி. கார்டுக்குத் தெரியும், என்விடியாவுக்குத் தெரியாது. அதே மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் கேபிளை மாற்றுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் எந்த செட்டிங்கும் அதை வரவழைக்காது. டிஸ்ப்ளேபோர்ட்டை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சின்ன அடாப்டர்களிலும் டாக்குகளிலும் பெரும்பாலும் வி.ஆர்.ஆர். பாதி வழியில் தொலைந்துபோகும். நேரடிக் கேபிள்தான் நல்லது.

எண் அசைகிறது, ஆனாலும் படம் கிழிகிறது

கிழிசல் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். எஃப்.பி.எஸ். மானிட்டரின் உச்சத்தைத் தாண்டும்போது வந்தால் அது கோளாறே இல்லை. 144 ஹெர்ட்ஸ் பேனல் 170 ஃபிரேமைப் பின்தொடர முடியாது, வி.ஆர்.ஆர். அங்கே கையை விரித்துவிடும். ஃபிரேமுக்கு வரம்பு போடுவதுதான் தீர்வு.

எவ்வளவில் வரம்பு? '3 குறைத்துப் போடு' என்பது பரவலான சூத்திரம்: 144-க்கு 141, 165-க்கு 162. அந்தச் சூத்திரம் 144-இல் ஓரளவு தாங்கும். மேலே போகப்போகத் தேயும். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 6.94 மில்லிசெகண்ட், 141-இல் 7.09. நடுவில் கிடைக்கும் இடம் 0.15 மில்லிசெகண்ட். 240 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 4.17, 237-இல் 4.22. இடைவெளி வெறும் 0.05. வரம்பு போடும் மென்பொருள் எதுவும் அவ்வளவு துல்லியமாக ஃபிரேமை இறக்காது. ஒன்றிரண்டு ஃபிரேம் முந்திக்கொண்டு வந்து உச்சத்தில் இடிக்கும். எனவே ஹெர்ட்ஸ் எண்ணில் கழிக்காமல் நேரத்தில் கழியுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 0.3 மில்லிசெகண்ட் விட்டுவைத்தால் 144-க்கு 138, 165-க்கு 157, 240-க்கு 224 வரும். ஜி-சிங்க்கும் வி-சிங்க்கும் (ஃபிரேமை மானிட்டரின் அடுத்த புதுப்பிப்புவரை காக்கவைக்கும் பழைய வசதி) ஆன் ஆகியிருக்கும்போது, தாமதத்தைக் குறைக்க விளையாட்டுக்குள் வரும் என்விடியா ரிஃப்ளெக்ஸ் 144 ஹெர்ட்ஸில் தானாகவே 138-இல் நிறுத்திக்கொள்வதை நீங்களே பார்க்கலாம். ரிஃப்ளெக்ஸ் உள்ள விளையாட்டில் வேறு வரம்பு தேவையில்லை.

விளையாட்டுக்குள்ளேயே வரம்பு போடும் வசதி இருந்தால் அதையே முதலில் எடுங்கள், தாமதம் குறைவு. அது இல்லாவிட்டால் ரிவாட்யூனர் என்ற மென்பொருள், அல்லது என்விடியா கண்ட்ரோல் பேனலின் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்'. ஏ.எம்.டி.யில் ரேடியான் சில்லின் குறைந்த அளவையும் கூடிய அளவையும் ஒரே எண்ணில் வைத்தால் அதுவே வரம்பு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வரம்பு போடாதீர்கள்.

உச்சத்துக்குக் கீழேயும், திரையின் அடிப்பகுதியில் மட்டும் அவ்வப்போது ஒரு கீற்று கிழிகிறதா? ஃபிரேம் நேரம் சட்டென்று மாறும்போது அப்படி நடக்கும். அதற்குத்தான் டிரைவரில் வி-சிங்க்கை ஆன் செய்து, விளையாட்டுக்குள் ஆஃப் செய்யச் சொல்வது. வி-சிங்க் என்றதும் தாமதம் என்று பயந்து பலர் அதைத் தொடுவதில்லை. வரம்பை உச்சத்துக்குக் கீழே போட்டிருக்கும்வரை அந்த வி-சிங்க் பழைய வி-சிங்க்காக வேலை செய்யாது, தப்பி வரும் ஃபிரேமை மட்டும் பிடித்து நிறுத்தும். ஏ.எம்.டி. கார்டில் 'என்ஹான்ஸ்டு சிங்க்' ஆன் ஆகியிருந்தால் அதை ஆஃப் செய்துவிட்டுச் சோதியுங்கள்.

கீழ் எல்லை

மானிட்டர் வாங்கும்போது எல்லோரும் மேல் எண்ணைப் பார்க்கிறார்கள். சங்கடம் வருவது கீழ் எண்ணால். 48–144 என்று எழுதியிருந்தால் 48-க்குக் கீழே பேனல் இறங்காது. விளையாட்டு 40-க்கு இறங்கினால் டிரைவர் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை அனுப்பி 80 ஹெர்ட்ஸாக ஓட்டும். இதற்கு எல்.எஃப்.சி. (லோ ஃபிரேம்ரேட் காம்பன்சேஷன்) என்று பெயர். ஓ.எஸ்.டி. எண் எஃப்.பி.எஸ்.ஸைப் போல இரண்டு மடங்கு காட்டினால் பதற வேண்டாம், இதுதான் நடக்கிறது.

இது நடக்க மேல் எண் கீழ் எண்ணின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 48–75 என்று வரும் விலை மலிந்த மானிட்டர்களில் அது இல்லை. 47 ஃபிரேமை இரட்டித்தால் 94, பேனலோ 75-இல் நின்றுவிடும். ஆகவே 48-க்குக் கீழே போன கணம் வி.ஆர்.ஆர். அறுந்து திக்கலோ கிழிசலோ வரும். 50-ஐ ஒட்டி ஓடும் விளையாட்டில் நிமிடத்துக்குப் பல தடவை அறுந்து ஒட்டும். வி.ஆர்.ஆரே இல்லாமல் இருப்பதைவிட இது எரிச்சல்.

இதற்கு சி.ஆர்.யு. (கஸ்டம் ரெசல்யூஷன் யூட்டிலிட்டி) என்ற சின்ன இலவச மென்பொருள் உதவும். மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் தகவலை அது மாற்றி எழுதும், மானிட்டருக்குள் எதையும் தொடாது. மேலே உள்ள பட்டியலில் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, ரேஞ்ச் லிமிட்ஸ் பகுதியில் செங்குத்து அளவின் கீழ் எண்ணை மாற்றுங்கள். ஏ.எம்.டி. கார்டில் எச்.டி.எம்.ஐ. வழியே இணைத்திருந்தால், எக்ஸ்டென்ஷன் பிளாக்கைத் திறந்து அதிலுள்ள ஃப்ரீசிங்க் ரேஞ்ச் வரியைத் திருத்த வேண்டும். ஒரேயடியாக இறக்காமல் 48, 44, 40, 37 என்று படிப்படியாக இறங்குங்கள். 75-இன் பாதி 37.5, எனவே 37-ஐத் தொட்டால் எல்.எஃப்.சி. வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் கூடவே வரும் ரீஸ்டார்ட்64 கோப்பை ஓட்டி, கால் மணி நேரமாவது விளையாடிப் பாருங்கள். திரை சிமிட்டினாலோ 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' வந்தாலோ ஒரு படி மேலே திரும்புங்கள். ரீஸ்டார்ட்64 ஓட்டியபின் 15 நொடியாகியும் படம் வராவிட்டால் எஃப்8 அழுத்தினால் மீட்பு நிலைக்குப் போகும். அதுவும் பலிக்காவிட்டால் சேஃப் மோடில் ஏறி ரீசெட்-ஆல் கோப்பை ஓட்டுங்கள், பழைய நிலை வந்துவிடும். இந்த இரண்டு கோப்புகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்ட பிறகே எண்ணை மாற்றத் தொடங்குங்கள்.

வெளிச்சத் துடிப்பு

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். இருட்டான காட்சி, குகை, இரவு வானம், லோடிங் திரை: சாம்பல் நிறப் பகுதிகள் பல்ப் வோல்டேஜ் ஏறி இறங்குவதுபோலத் துடிக்கும். வி.ஏ. வகைப் பேனலிலும் ஓலெடிலும் கூடுதலாகத் தெரியும், ஐ.பி.எஸ். வகையில் மிகக் குறைவு. வி.ஆர்.ஆரை ஆஃப் செய்து அதே இடத்தில் நின்று பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் இதேதான்.

டிரைவரிலோ கார்டிலோ பழுது இல்லை. பேனலின் இயல்பு இது. எல்.சி.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் கொடுத்த மின்னூட்டத்தை அடுத்த புதுப்பிப்புவரை பிடித்துவைத்திருக்க வேண்டும். பிடித்திருக்கும் நேரம் நீண்டால் கொஞ்சம் கசியும், வெளிச்சம் ஓர் இழை மாறும். ஓலெடில் காமா (வெளிச்சப் படிநிலை) அளவுகள் உச்ச ரிஃப்ரெஷ்ஷுக்குப் பொருத்தப்பட்டவை, ரேட் இறங்கினால் கறுப்பை ஒட்டிய நிறங்கள் சற்று விலகும். ரேட் ஒரே இடத்தில் நின்றால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ரேட் தாவினால்தான் துடிப்பாகத் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: ரேட் எங்கே தாவுகிறது? 48–144 பேனலில் விளையாட்டு 45-க்கும் 52-க்கும் நடுவே ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 49 ஃபிரேம் வரும்போது பேனல் 49 ஹெர்ட்ஸ், ஒரு படத்தை 20.4 மில்லிசெகண்ட் பிடித்திருக்கிறது. அடுத்த கணம் 47 ஃபிரேம். எல்.எஃப்.சி. நுழைந்து பேனல் 94 ஹெர்ட்ஸுக்குக் குதிக்கிறது, பிடித்திருக்கும் நேரம் 10.6 ஆகிறது. எஃப்.பி.எஸ். கவுண்டரில் இரண்டே எண் வித்தியாசம், பேனலுக்கோ பாதிக்குப் பாதி. கார்டைப் பொறுத்து இந்தத் தாவல் 48-க்குச் சற்று மேலேயே நடக்கவும் கூடும். ஓ.எஸ்.டி. எண்ணைப் பார்த்தால் எங்கே என்று தெரிந்துவிடும்.

மருந்தும் அங்கேயே இருக்கிறது. அந்த எல்லையை உங்கள் விளையாட்டு ஆடும் இடத்திலிருந்து நகர்த்திவிடுங்கள். சி.ஆர்.யு.வில் கீழ் எண்ணை 48-இலிருந்து 60-க்கு ஏற்றினால், 45–52 முழுவதும் இரட்டிப்புப் பகுதிக்குள் விழும். பேனல் 90-க்கும் 104-க்கும் நடுவில் அமைதியாக ஆடும், தாவல் இல்லை. 144 ஹெர்ட்ஸ் பேனலில் கீழ் எண்ணை 72 வரை ஏற்றலாம், அதற்கு மேல் எல்.எஃப்.சி. போய்விடும். முந்தைய பகுதியில் கீழ் எண்ணை இறக்கச் சொன்னேன், இங்கே ஏற்றச் சொல்கிறேன். இரண்டும் வெவ்வேறு பேனலுக்கு, வெவ்வேறு நோய்க்கு. சில ஓலெட் மானிட்டர்களின் ஓ.எஸ்.டி.யில் துடிப்பைக் குறைக்கும் செட்டிங் ஒன்று வருகிறது. அதுவும் வி.ஆர்.ஆர். எல்லையைச் சுருக்கித்தான் காரியத்தை முடிக்கிறது.

சி.ஆர்.யு.வைத் தொடப் பயமாக இருந்தால் ஃபிரேம் நேரத்தைச் சமப்படுத்துங்கள். ரிவாட்யூனரில் ஃபிரேம் டைம் கோட்டை வரவழையுங்கள். அது மரம் அறுக்கும் வாளின் பல்லைப்போல இருந்தால் சராசரி எஃப்.பி.எஸ். எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. 70-க்கும் 110-க்கும் நடுவே துள்ளும் விளையாட்டை 75-இல் கட்டிப்போட்டால் துடிப்பின் பெரும்பகுதி அடங்கும். லோடிங் திரையில் வரும் துடிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே ஃபிரேம் ஒரு நொடி நூற்றுக்கணக்கில், மறு நொடி ஐந்தாறு என்று ஓடும், எந்த செட்டிங்கும் அதை அடக்காது.

வாரண்டியில் மானிட்டரை மாற்றிக் கேட்கலாமா என்றால், அதே மாடலில் புதிது வந்தாலும் அதுவும் துடிக்கத்தான் செய்யும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லையென்றால் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு பேனல் பார்ப்பது மேல்.

திரை கறுத்து மீண்டால்

முழுத் திரையும் ஒன்றிரண்டு நொடி கறுத்துத் திரும்புவது சிக்னல் அறுந்து மறுபடி கைகோப்பது. வெள்ளைப் புள்ளிகள் பொறிபோலத் தெறித்தாலும் இதே குடும்பம். முதல் சந்தேகம் கேபிள்மேல். ரிஃப்ரெஷ்ஷை 144-இலிருந்து 120-க்கு இறக்குங்கள், அல்லது நிற ஆழத்தை 10 பிட்டிலிருந்து 8 ஆக்குங்கள். கறுப்பது நின்றுவிட்டால் கேபிளுக்கு மூச்சு போதவில்லை என்று அர்த்தம். 2560×1440, 144 ஹெர்ட்ஸ், 8 பிட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 ஜிகாபிட். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உண்மையில் கடத்துவது 17.28, எச்.டி.எம்.ஐ. 2.0 கடத்துவது 14.4. பின்னதில் விளிம்பில் நடக்கிறீர்கள்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை, அந்தத் தரத்தை வகுக்கும் வீசா (VESA) அமைப்பின் சான்று உள்ளதாக, 2 மீட்டருக்குள் வாங்குங்கள். எச்.டி.எம்.ஐ. 2.1-க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' முத்திரையும் ஸ்கேன் செய்யும் கியூ.ஆர். கோடும் பெட்டியில் இருக்க வேண்டும். மலிவு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு வம்பு 20-ஆவது பின். தரப்படி அதைக் கேபிளின் இரு முனைகளுக்கும் நடுவே இணைக்கக் கூடாது, அது மின்சாரம் போகும் பின். இணைத்துவிட்ட கேபிளில் மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் ஏறும். கணினியை அணைத்தபிறகும் கார்டில் விளக்கு மினுங்கினாலோ, பவர் போட்டால் சரியாகக் கிளம்பாவிட்டாலோ அந்தக் கேபிளைக் குப்பையில் போடுங்கள்.

கேபிள் நல்லதாக இருந்தும் கறுத்தால், ஓ.எஸ்.டி.யில் ஃப்ரீசிங்க் 'எக்ஸ்டெண்டெட்' என்றோ 'அல்டிமேட்' என்றோ இருப்பதைச் சாதாரண நிலைக்கு இறக்குங்கள். எல்லை கொஞ்சம் சுருங்கும், படம் நிற்கும்.

மிச்சம் சில

நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் இழுபட்டால் அது ஓவர்டிரைவ், பிக்சல் சீக்கிரம் நிறம் மாற உந்தும் செட்டிங். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிசெகண்டுக்காக அளந்த உந்துதல், 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லிசெகண்ட் கிடைத்தால் இலக்கைத் தாண்டி ஓடிவிடும். வி.ஆர்.ஆரோடு ஓவர்டிரைவை நடு நிலைக்கு மேல் வைக்காதீர்கள்.

டெஸ்க்டாப்பில் பிரவுசரோ வேறு ஏதாவது புரோகிராமோ திறந்ததும் மவுஸ் இழுபட்டால், ஜி-சிங்க் 'விண்டோடு அண்ட் ஃபுல் ஸ்கிரீன்' நிலையில் அதையும் விளையாட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. ஃபுல் ஸ்கிரீனுக்கு மட்டும் மாற்றுங்கள். அல்லது அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் 'மானிட்டர் டெக்னாலஜி' வரியில் 'ஃபிக்ஸ்டு ரிஃப்ரெஷ்' கொடுங்கள். இதற்கு நேர்மாறாக, விண்டோவில் ஓடும் பழைய டைரக்ட்எக்ஸ் 11 விளையாட்டுக்கு வி.ஆர்.ஆர். வரவில்லையென்றால், விண்டோஸ் 11-இன் கிராபிக்ஸ் செட்டிங்கில் 'ஆப்டிமைசேஷன்ஸ் ஃபார் விண்டோடு கேம்ஸ்' ஆன் செய்யுங்கள்.

லேப்டாப்பில் உள் திரை பெரும்பாலும் பிராசசரோடு வரும் கிராபிக்ஸ் வழியாகத்தான் இணைந்திருக்கும். அதனால் 'செட் அப் ஜி-சிங்க்' பக்கமே தென்படாது. திரையை எந்த கிராபிக்ஸோடு இணைப்பது என்று மாற்றும் மக்ஸ் சுவிட்ச் இருந்தால், அதைத் தனி கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்பி ரீஸ்டார்ட் செய்தால் பக்கம் வரும். வெளி மானிட்டர் செருகும்போதும் எந்தப் போர்ட் எந்த கிராபிக்ஸில் சேர்ந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எச்.டி.எம்.ஐ. ஒன்றிலும் டைப்-சி மற்றொன்றிலும் இருப்பது சகஜம்.

லினக்ஸில் கே.டி.இ. பிளாஸ்மாவின் வேலேண்ட் அமர்வில் டிஸ்ப்ளே செட்டிங்கிலேயே 'அடாப்டிவ் சிங்க்' வரி இருக்கிறது. குனோமில் 46-ஆம் பதிப்பில் சோதனை நிலையில் வந்தது. பழைய எக்ஸ் அமர்வில் இரண்டு மானிட்டர் செருகியிருந்தால் வி.ஆர்.ஆர். பெரும்பாலும் ஓடாது. இரண்டாவதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.